நூலை வாங்குகின்றோமா, பூட்டை வாங்குகின்றோமா?

மூன்று நான்கு திங்களாக நம் அலுவலகத்திற்கு வருகின்ற மடல்களுள், இதழ் கிடைக்கவில்லை என்று முறையிடுவனவும் கட்டணம் அனுப்பியதைத் தெரிவிப்பனவும் போக, எஞ்சியவற்றில் ஒரு வினா திரும்பத் திரும்ப வருகின்றது. "மின்னூல்களைப் படிப்பதற்கென்றே செய்யப்பெற்ற படிப்பான் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன், எதை வாங்குவது?" என்பதே அது. கேட்பவர்களுள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் உளர். பார்வை மங்கியதால் சிற்றெழுத்து நூல்களைப் படிக்கவும் முடியாமல், விடவும் மனமில்லாமல் தவிக்கின்ற முதியோர் உளர். வீடு மாறும் ஒவ்வொரு முறையும் நூற்பெட்டிகளைச் சுமந்து களைத்துப்போன இளைஞரும் உளர். இவர்க்கெல்லாம் தனித்தனியே விடையெழுத நமக்கு ஆளில்லை. ஆகவே ஆசிரியவுரையிலேயே எழுதிவிடுகின்றோம்.

ஒரு கருவியைப் பற்றி ஆசிரியவுரையா என்று முகஞ்சுளிப்போர் இருப்பர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓலையினின்று தாளுக்கு நூல்கள் ஏறிய காலத்தில், ஏறாமல் விடுபட்டவை செல்லரித்தும் நீரோடும் தீயோடும் கலந்தும் அழிந்தன. இன்று தாளினின்று மின்னுருவிற்கு ஏறுகின்ற இரண்டாம் ஏற்றம் நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கின்றது. இவ்வேற்றத்தில் எந்நூல் ஏறும், எந்த எழுத்தில் ஏறும், ஏறிய பின் அதன் திறவுகோல் எவன் கையில் இருக்கும் என்பவை கடைக்காரனிடம் விட்டுவிடத் தக்க வினாக்கள் அல்ல.

முதலில் இக்கருவி இன்னதெனத் தெளிவோம். கைப்பேசியிலும் மின்னூல் படிக்கலாம், பலர் படிக்கின்றனர். ஆனால் அதன் திரை தானே ஒளிவிடுவது. விளக்கையே உற்றுநோக்கிக்கொண்டு படிப்பதை ஒப்பது. மின்படிப்பானின் திரையோ மின்மை என்னும் வேறொரு முறையில் இயங்குவது. மயிரிழையின் பருமனே உள்ள நுண்குமிழ்களுக்குள் வெண்துகள்களும் கருந்துகள்களும் மாறுபட்ட மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்னழுத்தத்தை மாற்றினால் வெண்மையோ கருமையோ மேலே வரும். வந்தது அங்கேயே நிற்கும்; நிறுத்திவைக்க மின்னாற்றல் வேண்டா. பக்கம் புரட்டும்போதுதான் பெரும்பாலும் மின்கலம் செலவாகின்றது. ஆதலின் ஒருமுறை மின்னேற்றினால் கிழமைக் கணக்கில் ஓடும். வெயிலில் தாளைப் போலவே தெளிவாகத் தெரியும். இரவில் படிக்க, திரையின் ஓரத்தினின்று மேற்பரப்பில் ஒளி பாய்ச்சும் சிறு விளக்குகள் உண்டு. எழுத்தை வேண்டுமட்டும் பெரிதாக்கிக் கொள்ளலாம். பார்வை குறைந்த முதியோர்க்கு இது ஒன்றே போதிய நன்மையாம்.

இம்மின்மையை அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழினுட்பக் கழகத்தில் உருவாக்கியோர் 1997-இல் ஈ-இங்கு என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். இன்று விற்கப்பெறும் படிப்பான்களில் மிகப் பெரும்பாலானவற்றின் திரை, கருவி எப்பெயர் தாங்கி வரினும், அந்நிறுவனத்தின் திரையே. ஆகவே "எதன் திரை சிறந்தது?" என்று நெடிது ஆராய வேண்டுவதில்லை. ஓரங்குலத்திற்கு 300 புள்ளி இருந்தால் போதும். அதனினும் குறைந்தால் சிற்றளவில் ழகரத்தின் சுழியும் ளகரத்தின் வளைவும் மங்கும். பன்னிறத் திரை இப்போது வந்துள்ளது. அதில் நிறப்படங்கள் 150 புள்ளியளவே தெளிவுடையன, நிறத்திற்கென இட்ட மேற்படலத்தால் வெண்மையும் சற்று மங்குகின்றது. எழுத்தைப் படிப்போர்க்கு அது வீண் செலவு. நீர் புகாமை நல்லதே; அதற்காகவே கூடுதல் விலை தருதல் அவரவர் விருப்பம்.

நமக்கு முதல் தேர்வு எழுத்துத் தேர்வு.

தமிழுக்கு எழுத்து 247. உலகக் கருவிகள் எல்லாம் இன்று ஏற்றுக்கொண்டுள்ள ஒருங்குறியில் உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் தனியிடம் பெற்றுள்ளன. உயிர்மெய்களுள் அகரமேறிய பதினெட்டுக்கு மட்டுமே இடம். ஏனையவை இவற்றோடு துணைக்குறிகளைச் சேர்த்து உண்டாக்கப்பெறுகின்றன. மெய்யெழுத்துக்கோ தனியிடமே இல்லை. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம். ககரத்தின்மேல் புள்ளியிட்டால்தான் அதன் மெய் பிறக்கும் என்பது ஒருங்குறியின் முறை. இக்குறையைக் களையுமாறு எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி இடந்தருகின்ற அனைத்தெழுத்துக் குறியீட்டைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியோடு உடன்வைத்து ஏற்றது. ஏற்றும், உலகக் கருவிகள் அவ்வழி திரும்பவில்லை. அது தனியே எழுத வேண்டிய செய்தி.

இம்முறையால் படிப்பானில் விளைவது யாது? "கெ" என்னும் எழுத்து மின்கோப்பினுள் ககரம் முதலாகவும் கொம்பு பின்னாகவும் கிடக்கும். திரையில் கொம்பு முன்வந்து நிற்க வேண்டும். "கொ" என்பதற்கு ககரத்தின் இருபுறமும் குறி வர வேண்டும். இவ்வாறு மாற்றியமைத்துக் காட்டும் பணி கருவியினுள் இருக்கும் மென்பொருளுக்குரியது. உரோம எழுத்துகளுக்கு இப்பணி தேவையில்லை ஆதலின், அவற்றை மட்டும் கருத்திற் கொண்டு செய்தவன் இதனை விட்டுவிடுவான். தமிழ் எழுத்துரு இருந்தும் தமிழ் எழுத்து இராது.

இதனை நாமே பட்டறிந்தோம். இரண்டாண்டுகளுக்கு முன் அலுவலகத்திற்கென ஒரு படிப்பானை வாங்கினோம். "தமிழ் வருமா?" என்று கேட்டதற்கு, விற்றவர் "எல்லா மொழியும் வரும்" என்றார். நம் இதழின் கட்டுரை ஒன்றை ஏற்றித் திறந்தோம். தமிழ் வந்தது, ஆனால் "தொண்டு" என்ற சொல்லில் தகரம் தனியே நிற்க, அதன் பின்னே புள்ளிவட்டம் ஒன்று கொம்பையும் காலையும் சுமந்துகொண்டு நின்றது. ஐகாரக் குறிகள் எல்லாம் எழுத்துக்கு வலப்புறம் வந்து உட்கார்ந்திருந்தன. நூற்பட்டியலிலோ நூலின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்கட்டங்கள். மெய்ப்புப் பார்க்கும் நம் முதியவர் அரைப்பக்கம் படித்துவிட்டு, தம்மையறியாமல் எழுதுகோலை எடுத்துத் திரையையே திருத்தப் போனார். நகைத்தோம்; ஆயினும் நெஞ்சு நொந்தது. கருவியைத் திருப்பிக் கொடுத்தபோது விலையில் ஒரு பகுதிதான் கைக்கு வந்தது.

ஆகவே அன்பர்கள் பணங்கொடுப்பதற்கு முன்னரே ஒரு பக்கத்தைத் தட்டெழுதி ஒரு கோப்பாக வைத்துக்கொள்க. கொற்கை, தொல்லோர், மெய்யெழுத்து, பையையும், மௌவல், தேனீயோடு என்பன போன்ற சொற்களும், டு, டூ, ணூ, ளூ, ஞூ போன்ற எழுத்துகளும் அதில் இருக்கட்டும். அதனைக் கருவியில் ஏற்றித் திறந்து பார்க்க. பக்கத்தில் சரியாக வந்தால் மட்டும் நிறைவடைந்துவிட வேண்டா. நூற்பட்டியலிலும், பொருளடக்கத்திலும், தேடுமிடத்திலும் பார்க்க. எழுத்தை மிகப் பெரிதாக்கி, வரி முறியுமிடத்தில் கொம்பு மேல்வரியிலும் எழுத்து கீழ்வரியிலுமாகப் பிரிகின்றனவா என்றும் பார்க்க. சொல்லின்மேல் விரலை அழுத்தினால் பொருள் காட்டும் அகரமுதலியைப் பெருமையாகச் சொல்லி விற்பர். "மரத்தினின்று" என்பதை அழுத்தி, அது "மரம்" என்னும் சொல்லைக் காட்டுகின்றதா என்று பார்த்துவிட்டு அப்பெருமையை நம்புக.

இரண்டாவது தேர்வு பூட்டுத் தேர்வு. இதில்தான் பலர் ஏமாறுகின்றனர்.

மின்மைத் திரையுள்ள படிப்பானை முதன்முதல் விற்றது அமேசான் அன்று. 2004-இல் சப்பானில் சோனி நிறுவனம் இலிப்ரி என்னும் பெயரில் விற்றது. அமேசான் தன் முதற் கிண்டிலை 2007 நவம்பரில் 399 அமெரிக்க வெள்ளிக்கு வெளியிட்டது. முந்தியது நிலைக்கவில்லை, பிந்தியது நிலைத்தது. கருவியையும் கடையையும் ஒன்றாகக் கட்டி, கையிலிருக்கும் கருவியே கடையின் வாயிலாகுமாறு செய்தமையே அவ்வெற்றியின் கரணியம். 2016 திசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களுக்கும் அக்கடையில் இடந்தரப்பெற்றது. பதிப்பாளர் வாயிலில் காத்துக்கிடந்து சலித்த எழுத்தாளர் பலர் தம் நூல்களைத் தாமே அங்கு வெளியிட்டனர் என்பதை மறுக்க மாட்டோம். அந்நன்மை நன்மையே.

ஆனால் அங்கு வாங்கிய நூல் யாருடையது? 2009 சூலையில் நடந்ததைச் சொல்வோம். சார்ச்சு ஆர்வெல் எழுதிய இரு நூல்களின் மின்படிகளை, வெளியிடும் உரிமையில்லாத ஒருவர் அக்கடையில் இட்டு விற்றுவிட்டார். செய்தி தெரிந்ததும் அமேசான், அவற்றை முன்னரே விலைகொடுத்து வாங்கியிருந்தவர்களின் கிண்டில்களுக்குள் தொலைவினின்றே நுழைந்து அந்நூல்களை அழித்தது. விலையைத் திருப்பித் தந்தது. நூலோடு தம் பாடக்குறிப்புகளும் பயனற்றுப் போயின என்று ஒரு மாணவர் வழக்கே தொடுத்தார். நிறுவனத் தலைவர் பின்னர் வெளிப்படையாக வருத்தந் தெரிவித்தார். அழிக்கப்பெற்ற இரண்டனுள் ஒன்று, பழைய எழுத்துகளை அழித்தழித்துத் திருத்தும் கொடுங்கோலாட்சியைப் பற்றிய கதை! உரிமையில்லாதவன் விற்றது தவறுதான். ஆனால் திருட்டு நூலைத் தெரியாமல் வாங்கியவன் வீட்டுக்குள் கடைக்காரன் இரவில் நுழைந்து நூலடுக்கினின்று அதை எடுத்துச்செல்வதை எந்நாட்டுச் சட்டம் ஒப்பும்? யாழ்ப்பாண நூலகத்தை 1981-இல் எரித்தபோது வானளாவப் புகை எழுந்தது, உலகம் கண்டது. இவ்வகை அழிப்பில் புகையும் எழாது.

இஃது ஒரு நிறுவனத்தின் குறை மட்டுமன்று. 2019-இல் மைக்குரோசாப்டு தன் மின்னூற் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்கள் அத்தனையும் வாங்கியவர்க்குத் திறவாமற் போயின, பணந்தான் திரும்பியது. 2025 பிப்பிரவரி 26-இல் அமேசான், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழிக் கிண்டிலுக்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை நிறுத்தியது. அதுவரை பலர் அவ்வழியே தம் நூல்களுக்கு ஒரு படி எடுத்து வைத்திருந்தனர். கொடுத்தது நூலின் விலை. வந்ததோ படிக்கும் இசைவு மட்டும். மறைமலையடிகள் ஆயிரக்கணக்கில் தொகுத்து வைத்த நூல்கள் அவருக்குப் பின்னர் நூலகமாகி மக்களுக்குப் பயன்பட்டன. பூட்டிய மின்னூல்களை ஒருவர் ஐம்பதாண்டு தொகுத்தாலும், அவர் கணக்கோடு அவையும் முடியும். மகளுக்குத் தரவோ நூலகத்திற்கு வழங்கவோ இயலாது.

பூட்டில்லாத வழியும் உண்டு. ஈபப் என்னும் வடிவம் எந்நிறுவனத்திற்கும் தனியுரிமை இல்லாத திறந்த வடிவம். அதனைப் பல கருவிகளில் திறக்கலாம். கணினியில் படியெடுத்து வைக்கலாம். முப்பதாண்டு கழித்து இன்றைய கருவிகள் எல்லாம் குப்பைக்குப் போன பின்னரும், அதன் உள்ளே இருப்பது வெறும் எழுத்தும் எளிய குறியும் ஆதலின், யாரேனும் திறந்து படித்துவிட முடியும். ஆயினும் ஈபப் என்ற பெயர் கண்டவுடன் மயங்கிவிட வேண்டா. அவ்வடிவத்தின் மேலும் பூட்டிட்டு விற்போர் உளர். வாங்குமுன் பூட்டுண்டா என்று கேட்டுத் தெளிக.

இனி, நாம் படிக்க விரும்பும் நூல்கள் எங்குள்ளன என்று பார்ப்போம். மதுரைத் திட்டத்தார் 1998 பொங்கல் நாள் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை விலையின்றி மின்னுருவாக்கித் தருகின்றனர்; தன்னார்வலர் உழைப்பால் மட்டுமே விளைந்த பெரும்பணி அது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் கட்டற்ற மின்னூல்களைத் தரும் தன்னார்வலர் குழுக்களிடத்தும் பூட்டில்லா நூல்கள் நிறைய உள்ளன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நூலக நிறுவனத்தார் 2005 முதல் மின்னுருவாக்கி எல்லார்க்கும் திறந்து வைத்துள்ளனர். எரிந்த நூலகத்தை உடைய ஓர் இனம் தன் எழுத்தை இனித் தீண்டவொண்ணா இடத்தில் வைக்க முயல்கின்ற முயற்சி அது. இக்களஞ்சியங்களுக்காகவே ஒரு படிப்பான் வாங்கலாம்.

ஆனால் இங்கு ஓர் இடர்ப்பாடு. பழைய நூல்களிலும் இதழ்களிலும் பெரும்பாலானவை தட்டெழுதப்பெற்ற எழுத்தாக இல்லாமல், பக்கத்தின் ஒளிப்படமாகவே உள்ளன. ஒளிப்படத்தில் எழுத்தைத் தனியே பெரிதாக்க முடியாது. பக்கம் முழுவதுந்தான் பெரிதாகும். ஆறங்குலத் திரை என்பது ஏறத்தாழ 9 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் உடையது. தெம்மி எட்டில் ஒன்று அளவுள்ள நூலின் பக்கமோ 14 செ.மீ. அகலமும் 21.6 செ.மீ. உயரமும் உடையது. உயரத்தில் பாதியை ஒட்டிச் சுருங்கிவிடும் அப்பக்கத்தை இளங்கண்ணும் படித்தல் அரிது. 10.3 அங்குலத் திரையில் அதே பக்கம் ஏறத்தாழ அச்சிட்ட அளவிலேயே தெரியும். விலை சிறு படிப்பானைப் போல் பல மடங்காகும். பழைய இதழ்த் தொகுதிகளில் ஆய்வு செய்வோர் அன்றி மற்றையோர் அச்செலவை மேற்கொள்ள வேண்டுவதில்லை.

எனின், எதை வாங்குவது? நம் கருத்தைச் சொல்வோம், மாறுபடுவோர் எழுதலாம்.

கனடாவில் தோன்றி இப்போது சப்பானின் இரக்குட்டன் நிறுவனத்திற்கு உரியதாக உள்ள கோபோவும், 2007-இல் உக்கிரேனின் கீவு நகரில் தோன்றி இப்போது சுவிட்சர்லாந்தில் தலைமையிடங் கொண்டுள்ள பாக்கெட்புக்கும், ஈபப் நூல்களைக் கம்பிவழி ஏற்றிய உடனே திறப்பவை. நமக்கு விருப்பமான தமிழ் எழுத்துருவையும் ஏற்றிக்கொள்ளலாம். கோபோ 2024-இல் வெளியிட்ட படிப்பான்களுக்கு மாற்று உறுப்புகளும் பழுதுநீக்கும் வழிகாட்டியும் கிடைக்க ஏற்பாடு செய்துள்ளது. மின்கலம் ஓய்ந்ததும் கருவியையே எறியச் செய்கின்ற இந்நாளில் இது பாராட்டத்தக்கது. இவ்விருவர் கருவிகளிலும் கோரீடர் என்னும் கட்டற்ற மென்பொருளை ஏற்றலாம். நம் எழுத்துகளை முறைப்படி உருவமைக்கும் உறுப்பு அதனுள் இருப்பதால், கருவியின் சொந்த மென்பொருள் தமிழைச் சிதைத்தாலும் இதன்வழித் தப்பலாம். பொதுப்படிப்புக்கு ஆறு அல்லது ஏழங்குலத் திரையோடு இவ்விரண்டில் ஒன்று என்பதே நம் பரிந்துரை. எழுத்துத் தேர்வு மட்டும் தவறாமல் நடத்துக.

பெருந்திரை வேண்டுவோர் சீனத்தின் பூக்சு படிப்பான்களைப் பார்க்கலாம். அவை ஆண்டிராய்டில் இயங்குவதால் எந்தப் படிப்பு மென்பொருளையும் ஏற்றிக்கொள்ளலாம். மின்கலம் விரைந்து தீரும்; கைப்பேசியின் கவனச்சிதைவுகள் எல்லாம் அதிலும் வந்து புகும்.

கிண்டிலை முன்னரே வாங்கிவிட்டோர் அதனை எறிய வேண்டா. திரை நல்லது; பூட்டில்லா நூல்களையும் அதற்கு அனுப்பிப் படிக்கலாம். 2022 முதல் ஈபப் கோப்பையும் அனுப்பினால், அது தன் வடிவத்திற்கு மாற்றிக்கொண்டு காட்டுகின்றது. இக்காலத் தமிழ்ப் புதினங்களையே மிகுதியாகப் படிப்போர்க்கு அக்கடையைப் போல் வேறு கடை இல்லை என்பதும் உண்மை. படித்து முடித்து மறந்துவிடத்தக்க நூலை அங்கு வாங்குக. வைத்துப் போற்ற வேண்டிய நூலைத் தாளிலோ பூட்டில்லா வடிவிலோ வாங்குக. கையில் பணமில்லாதோர் கடன்பட்டு எதையும் வாங்க வேண்டா. ஊர் நூலகம் இன்னும் இருக்கின்றது.

இவ்வளவும் எழுதிய பின் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பூட்டைப் பற்றிப் பேசுகின்ற நாம் நம் வெளியீடுகளை இதுவரை பக்கப்படமாகவே அளித்து வந்துள்ளோம். ஒருங்குறி வருமுன் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீடு வைத்திருந்த காலத்தில் தட்டெழுதிய நம் பழைய இதழ்களைத் திறந்து படியெடுத்தால், தமிழுக்கு மாறாக ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் குழம்பி வருகின்றன. நாம் இட்ட பூட்டு அது; இட்டது தெரியாமலே இட்டோம். அடுத்த திங்கள் முதல் இவ்விதழ் பூட்டில்லா ஈபப் வடிவிலும் வரும். பழைய இதழ்களை ஒருங்குறிக்கு மாற்றி, மாறியதை வரிவரியாக மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். கிழமைக்கு இரண்டு மணிநேரம் தரக்கூடியவர்கள் எழுதுக. படிப்பான் வைத்திருப்போர் மேலே சொன்ன சொற்பக்கத்தை ஏற்றிப் பார்த்து, கருவியின் பெயர், வாங்கிய ஆண்டு, எவ்வெழுத்து எவ்வாறு வந்தது என்னும் மூன்றையும் அஞ்சலட்டையில் எழுதியனுப்புக. வந்தவற்றை எல்லாம் தொகுத்து வெளியிடுவோம்.